இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பக்கம்

டெஸ்மண்ட் பார்டோ இறந்துபோன சேதி வந்தபோது நான் ஒரு வீட்டின் கூரைக்கடியில் குனிந்து நின்றிருந்தேன். காலை மாற்றி வைத்தால் கீழே படுக்கையறையில்தான் போய் விழ வேண்டும். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

“வெண்டி, டெஸ்மண்ட் போயிட்டாரு. காலைல. தூக்கத்துலயே,” என்றான் நெவில் கிட்டின்ஸ்.

“நீ எங்க இருக்க?”

“ஒரு நிலவறையில. கணுக்கால் வரைக்கும் தண்ணி. நீ?”

“கூரைல.”

 அவன் பக்கம் தண்ணீர் சொட்டுவது எனக்குக் கேட்டது.

நெவிலை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வராது. அத்தனை வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறோம். இங்கிலாந்தின் லட்லோவில் கட்டடம் பார்த்துச் சொல்லும் சார்ட்டர்ட் சர்வேயர்கள் பலர் இருந்தாலும், பொதுச்சுவர்த் தகராறு என்றால் நாங்கள் இருவர்தான். பழைய மரச்சட்ட வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் ஊர் இது. ஒரு வீட்டில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் தட்டு விழுந்து உடையும். தட்டு உடைந்தவர் என்னைக் கூப்பிடுவார், ஆணி அடித்தவர் நெவிலைக் கூப்பிடுவார். நாங்கள் உட்கார்ந்ததும் செய்யும் முதல் வேலை, மூன்றாம் சர்வேயர் ஒருவரை ஒப்புக்கொள்வது. எங்களுக்குள் முட்டிக்கொண்டால் அவர் சொல்வதுதான் முடிவு. சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

எங்கள் மூன்றாம் சர்வேயர் எப்போதும் டெஸ்மண்ட்தான்.

அடக்கம் முடிந்த வாரத்தில் எங்கள் சர்வேயர் சங்கத்தின் மாவட்டக் கிளைச் செயலாளர் எனக்குப் போன் செய்தார். கிளையின் ஆண்டு மலரை அச்சுக்கு அனுப்பும் நேரம். அந்த மலரை எங்கள் தொழில்காரர்கள் பின்னாலிருந்துதான் புரட்டுவார்கள். மறைந்த உறுப்பினர்களின் நினைவுக்குறிப்புகள் கடைசியில் இருக்கும். யார் போனார், என்ன எழுதியிருக்கிறார்கள், எதை எழுதவில்லை என்று பார்த்த பிறகுதான் முன்பக்கத் தலைவர் உரை. அதையும் பாதிப் பேர் படிப்பதில்லை.

“டெஸ்மண்டுக்கு ரெண்டு குறிப்பு வந்திருக்கு, வெண்டி,” என்றார் செயலாளர். “ஒண்ணு டோரீன் அனுப்பினது. இன்னொண்ணு மகள் ஹெஸ்டர் அனுப்பினது. ரெண்டும் ஒரே மனுஷனைப் பத்தினதுன்னு பேரை வச்சுத்தான் தெரியுது. இருக்கறது ஒரு பக்கம். தொழில்ல யாரையாவது வச்சு எழுதிக் கொடுங்கன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். டோரீன் உங்களைச் சொன்னாங்க.”

“ஹெஸ்டர் யாரைச் சொன்னா?”

“நீங்களே சொல்லுங்க.”

டோரீன், டெஸ்மண்டின் இப்போதைய மனைவி. இப்போதைய விதவை என்று சொல்ல வேண்டும். ஹெஸ்டர், முதல் மனைவி ஆட்ரியின் மகள். டெஸ்மண்ட் ஆட்ரியை விட்டு டோரீனிடம் வந்தபோது ஊரே கடைத்தெருவில் நின்று பேசியது. அதன்பிறகு டோரீனும் ஹெஸ்டரும் ஒரே வரிசையில் நின்று ரொட்டி வாங்கியதில்லை. அடக்கத்தன்றுகூடத் தேவாலயத்தின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். நடுப்பாதையில் சவப்பெட்டி.

சனிக்கிழமை மதியம் நெவிலும் நானும் வழக்கமான பப்பில் சந்தித்தோம். அவன் ஒரு தட்டில் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பை ஒன்றும் கசப்பு பீரும் வாங்கிக்கொண்டு வந்து அமர்ந்தான். இரண்டு குறிப்புகளும் மேசையில் கிடந்தன.

டோரீன் எழுதியதில் ஆட்ரி என்ற பெயரே இல்லை. டெஸ்மண்ட் படித்தார், தேர்ச்சி பெற்றார், அலுவலகம் திறந்தார், ஓய்வு பெற்றார். ஹெஸ்டர் எழுதியதில் டோரீன் இல்லை. ‘அலுவலகத்தின் எல்லா வரைபடங்களையும் வரைந்த தன் மனைவி ஆட்ரியை விட்டு வெளியேறினார்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குப் பிறகு அந்த மனிதர் என்ன ஆனார் என்றே தெரியவில்லை.

“முறைப்படி போவோம்,” என்றான் நெவில். “உன் கட்சிக்காரி டோரீன். என் கட்சிக்காரி ஹெஸ்டர். நடுவுல இருக்கற சுவர், மலர்ல இந்த ஒரு பக்கம். முதல்ல மூணாவது ஆளைப் போடுவோம்.”

வழக்கப்படி பீர் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையை ஆளுக்கொன்று எடுத்துப் பின்புறம் பெயரை எழுதினோம். வழக்கப்படி ஒரே நேரத்தில் திருப்பி வைத்தோம்.

இரண்டிலும் ‘டெஸ்மண்ட் பார்டோ’ என்று இருந்தது.

கை பழகிப்போய் எழுதிவிட்டது. நெவில் இரண்டு அட்டைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு பீரை ஒரு வாய் குடித்தான்.

“ஒத்துக்கிட்டோம்ல? அப்புறம் என்ன,” என்றான். “ஆளு வர்றதுக்குத்தான் கொஞ்சம் நேரமாகும்.”

நான் சிரித்தேன். சிரித்ததும் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. அவன் தன் கைக்குட்டையை நீட்டினான். அதில் சுண்ணாம்பு வாசனை.

“சரி. ஆளில்லாமலே முடிக்கணும்,” என்றேன். “வீடு பார்க்கப் போவோம். நீ என் பக்கம், நான் உன் பக்கம்.”

இதுவும் எங்கள் முறைதான். வேலை தொடங்கும் முன் பக்கத்து வீட்டுச் சுவரில் ஏற்கெனவே என்னென்ன விரிசல் இருக்கிறது என்று பார்த்து எழுதிவைப்போம். எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் போகிறது. யாரால் வந்தது என்று மட்டும் எழுத மாட்டோம். இதில் நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. ஜனங்கள் தங்கள் சர்வேயரிடம் பொய் சொல்வார்கள், எதிர்வீட்டு சர்வேயரிடம் மனம் திறந்து பேசுவார்கள்.

ஹெஸ்டர் பக்கத்து ஊரான கிரேவன் ஆர்ம்ஸில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்தாள். ஆரம்பப்பள்ளித் தலைமை ஆசிரியை. கதவைத் திறந்ததும், “அந்தம்மா அனுப்பினாங்களா?” என்றாள்.

“ஆமா. விரிசல் பார்க்க வந்திருக்கேன்.”

“பாருங்க. நிறைய இருக்கு.”

தேநீர் போட்டுக் கொடுத்தாள். பிஸ்கட் தரவில்லை. கூடத்து மேசையில் பிளான்களைப் பரப்பினாள். கறுப்பு மையில் வரைந்தவை. பிராட் தெருவின் வீடுகள், கோர்வ் தெருவின் கடைகள். ஒவ்வொரு உத்தரத்திலும் மரத்தின் ரேகை தெரிந்தது. கீழே வலது மூலையில் டெஸ்மண்டின் பெயர்.

“இது யாரு வரைஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றாள்.

“தெரியும். உங்கப்பா கையெழுத்தையே நாங்க கூட்டம் போட்டுத்தான் படிப்போம். அவர் கோடு போட்டா அது ரூலரைத் தாண்டிப் போகும்.”

“அப்ப எல்லாருக்கும் தெரியும்.”

“எல்லாருக்கும் தெரியும், ஹெஸ்டர்.”

“யாராவது எங்கயாவது எழுதியிருக்காங்களா?”

நான் தேநீரைப் பார்த்தேன்.

“அம்மா செத்தப்ப எந்தப் பத்திரிகையிலும் ஒண்ணும் வரல. அவ எதுலயும் உறுப்பினர் இல்லையே. பரீட்சை எழுதினவர் அப்பா. அம்மா சமையல்கட்டு மேசையில தட்டை ஒதுக்கிட்டு வரைஞ்சவ.” ஹெஸ்டரின் குரல் வகுப்பில் பேசுவதுபோல் நிதானமாக இருந்தது. “இந்த ஒரு பக்கத்தை விட்டா அவ பேரு அச்சுல வர வேற இடமே இல்ல. எனக்கு அது வேணும். அவ்வளவுதான்.”

“விட்டு வெளியேறினார்னு எழுதியிருக்கியே, அதுவும் வேணுமா?”

“அது சும்மா கூட வந்தது.”

“அதை எங்களால போட முடியாது. விரிசல் இருக்குன்னு எழுதுவோம். யாரு இடிச்சாங்கன்னு எழுத மாட்டோம்.”

“நல்ல தொழில் உங்களுது. லாரி சுவத்துக்குள்ள நிக்கும், நீங்க விரிசலை அளந்துட்டுப் போவீங்க.”

“லாரியைக் கோர்ட் பார்த்துக்கும்.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே போய் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள். “அப்பா போன கதையை எடுத்துருங்க,” என்றாள். “அம்மா இருந்த கதையை எடுக்கக் கூடாது. எடுத்தா நான் அந்தச் செயலாளர் வீட்டு வாசல்லயே போய் உட்காருவேன்.”

நான் காரில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். ஆட்ரியின் பெயர் வந்தே தீர வேண்டும். நான் டோரீன் தரப்பு ஆள் என்பது பாலத்தைக் கடந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் அதே மேசை. நெவில் தன் இறைச்சி பையைத் தொடவே இல்லை. நெவில் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“ஆட்ரி பேரு வரக் கூடாது,” என்றான் எடுத்த எடுப்பில்.

“நீ ஹெஸ்டரோட ஆளு.”

“தெரியும்.”

“நான் சொல்றேன், ஆட்ரி பேரு வந்தே ஆகணும்.”

“நீ டோரீனோட ஆளு.”

“அது எனக்கும் தெரியும். டோரீனைப் பார்த்தியே, என்ன சொன்னா?”

நெவில் குரலைத் தாழ்த்தினான். “ரொட்டிக்கடைச் சுவர் ஞாபகம் இருக்கா?”

எப்படி மறக்கும். எத்தனையோ சுவர்களில் நாங்கள் உண்மையிலேயே முட்டிக்கொண்டு மூன்றாம் சர்வேயரை வரவழைத்தது அந்த ஒன்றுக்குத்தான். ரொட்டிக்கடை அடுப்பை மாற்றியதில் பக்கத்துத் தொப்பிக்கடையின் சுவர் விரிசல் விட்டது என்றேன் நான். விரிசல் அதற்கு முன்பே இருந்தது என்றான் நெவில். டெஸ்மண்ட் அப்போது மற்ற வேலையெல்லாம் நிறுத்தி ஓய்வில் இருந்தார். டோரீனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். டோரீன் ஏணியில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தாள். ‘மேல அகலமா, கீழ அகலமா?’ என்று அவர் கேட்பார், அவள் சொல்வாள். ‘ஓரம் கூரா இருக்கா, மழுங்கி இருக்கா? உள்ள அழுக்கு இருக்கா?’ அவள் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார். விரிசல் பழையது, அடுப்பால் இன்னும் கொஞ்சம் திறந்திருக்கிறது, ஆளுக்குப் பாதி என்று முடிவு சொன்னார். இரண்டு கடைக்காரர்களும் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். முழங்கால் வலியால் அவர் ஏணி ஏறவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“அவருக்குக் கண்ணு தெரியல, வெண்டி,” என்றான் நெவில். “ஓரம் மட்டும் தெரிஞ்சிருக்கு. நேராப் பார்த்தா ஒண்ணும் இல்ல. நம்ம முகமே தெரிஞ்சிருக்காது. குரலை வச்சுத்தான் பேசியிருக்காரு.”

“அப்ப அந்த முடிவு...”

“அவரோட மூளை, அவளோட கண்ணு. விரிசலுக்கு என் உதவியாளனுக்குத் தெரியாத பேரெல்லாம் அவளுக்குத் தெரியுது. என் வீட்டு ஓதத்தைப் பத்திக்கூட யோசனை சொன்னா.” அவன் தட்டைத் தள்ளி வைத்தான். “நான் கேட்டேன், ஆட்ரி பேரு வந்தா உனக்கு என்ன நஷ்டம்னு. அவ சொன்னா, ‘ஆட்ரி வரைஞ்சாங்கன்னு போட்டா, டோரீன் என்ன பண்ணான்னு படிக்கிறவங்க கேப்பாங்க. புருஷனைத் திருடினான்னு அவங்களே பதிலும் சொல்லிப்பாங்க. நான் பண்ணினதைச் சொன்னா அவரோட பேரு கெட்டுப்போகும். அதுக்கு ரெண்டு பேருமே இல்லாம இருக்கட்டும்’னு.”

நாங்கள் வாக்குவாதம் செய்தோம். உரக்கவே செய்தோம். அவன் டோரீனுக்காக, நான் ஆட்ரிக்காக. பப்காரி வந்து, “நீங்க ரெண்டு பேரும் இன்னிக்கு இடம் மாறி உட்கார்ந்திருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுக் கிளாஸ்களை எடுத்துப் போனாள்.

“இங்க பாரு,” என்றேன் கடைசியில். “அந்த முடிவைக் குறை சொல்ல உரிமை இருக்கறது யாருக்கு? ரெண்டு கடைக்காரங்களுக்கு. அவங்க சார்பா கையெழுத்துப் போட்டது நீயும் நானும். நமக்கு இப்ப ஏதாவது குறை இருக்கா?”

“முடிவு சரியான முடிவு,” என்றான் நெவில். “எனக்கு அன்னிக்கே பிடிக்கல, ஆனா சரி. அப்பீல் காலமும் போயாச்சு.”

“அப்ப உண்மையை எழுதுவோம். இருக்கறதை எழுதுவோம். ரெண்டு பக்கமும்.”

அவன் தட்டை மறுபடி தன் பக்கம் இழுத்தான். அவன் ஒத்துக்கொண்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

குறிப்பை நான் எழுதினேன், நெவில் நடுவில் ஒரு பத்தி சேர்த்தான். செவ்வாய்க்கிழமை என் அலுவலகத்துக்கு இரண்டு பெண்களையும் வரச் சொன்னோம். டோரீன் தொப்பியோடு வந்து சன்னலோரம் உட்கார்ந்தாள். ஹெஸ்டர் கோட்டைக் கழற்றாமல் கதவோரம் உட்கார்ந்தாள். ஆளுக்கொரு தாள் கொடுத்தோம்.

டோரீன் முதலில் நிமிர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“நான் இவர்கிட்ட சொன்னது அச்சுக்கு இல்ல,” என்றாள் நெவிலைக் காட்டி. பிறகு என்னைப் பார்த்தாள். “நீ என் ஆளுன்னு நினைச்சேன், வெண்டி.”

“நான் சுவரோட ஆளு, டோரீன். நாங்க ரெண்டு பேருமே.”

“அவர் பேருக்குப் பின்னால இருக்கற பட்ட எழுத்தைப் பிடுங்கிடுவாங்க. விசாரணைக் குழு இருக்கு. எனக்குத் தெரியும்.”

“கூப்பிடட்டுமே,” என்றான் நெவில். “அவர் எழுந்து வந்தா எல்லாருக்கும் சந்தோஷம்தான்.”

“சிரிப்பா இருக்கா உனக்கு?”

“இல்ல, டோரீன். அந்தச் சுவருக்கு ரெண்டு பக்கமும் நின்னது நாங்க. எங்களைக் கேக்காம யாரும் எதையும் பிடுங்க முடியாது. கேட்டா என்ன சொல்லணும்னு எங்களுக்குத் தெரியும்.”

ஹெஸ்டர் இன்னும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கண்ணு தெரியலயா?” என்றாள் மெதுவாக. “அப்பாவுக்கா? எப்பலேருந்து?”

“கடைசி ஆறேழு வருஷம்,” என்றாள் டோரீன். அந்த அறையில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிய முதல் பேச்சு அது.

“எனக்கு ஏன் சொல்லல?”

“அவர் வேணாம்னாரு. சொன்னா நீ வருவியாம். பாவம்னு நினைச்சு வர்றது அவருக்கு வேணாமாம்.”

“கோபத்துல வராம இருந்தேனே, அது பரவாயில்லையாமா?”

டோரீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தெருவில் யாரோ லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 

பிறகு டோரீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மறுபடி எடுத்தாள்.  அவள் ‘வேண்டாம்’ என்றால் செயலாளர் குறிப்பையே போட மாட்டார். அப்படித்தான் சொல்லியிருந்தார்.

“‘வரைபடங்கள் தயாரிப்பதில் ஆட்ரி உதவினார்’,” என்று படித்தாள். “இதை யாரு எழுதினது?”

“நான்தான்.”

“எங்க வீட்டுப் பரண்ல இன்னும் முந்நூறு படம் இருக்கு. அவர் தினமும் ஒண்ணு எடுத்து வரச் சொல்வாரு. ‘இதுல என்ன தெரியுதுன்னு சொல்லு’ம்பாரு. நான் சொல்வேன். அந்தப் படங்களை வச்சுத்தான் எனக்கு வீடு பார்க்கவே வந்துச்சு.” அவள் பேனாவைக் கேட்டாள். “உதவி எல்லாம் பண்ணல அவங்க. வரைஞ்சாங்க. வரைஞ்சாங்கன்னு போடு.”

‘உதவினார்’ என்பதை அவளே அடித்தாள். அழுத்தமான ஒரே கோடு.

ஹெஸ்டர் அந்தக் கோட்டையே பார்த்தாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பள்ளிக்கூடம் நடத்துகிறவள், அப்படி எல்லாம் விடமாட்டாள். “முந்நூறா?” என்றாள்.

“இருக்கும். எலி கடிச்சது போக.”

“நான் எடுத்துக்கலாமா?”

“அது உன் அம்மாவோடது. ஆனா மொத்தமா அள்ளிட்டுப் போகாத. எந்தப் படம் எந்த வீடுன்னு அதுல எழுதல. எனக்குத் தெரியும். வந்து உட்காரு, சொல்றேன்.”

“ஞாயித்துக்கிழமை?”

“மத்தியானத்துக்கு மேல வா. காலைல நான் தேவாலயம் போவேன்.” டோரீன் சற்று யோசித்தாள். “சாப்பாட்டுக்கே வேணும்னாலும் வரலாம்.”

ஹெஸ்டர் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தன் தாளில் டோரீனைப் பற்றிய வரியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். “இங்கயும் அதே தப்பு இருக்கு,” என்றாள் என்னிடம், மாணவியின் நோட்டைத் திருப்பித் தருவதுபோல. “‘ஆய்வுகளில் துணை நின்றார்’. ஏணில ஏறினது இவங்க. இவங்க பார்த்தாங்கன்னு போடுங்க.”

இரண்டு திருத்தமும் செய்தேன். நீள அகலம் பார்த்தால் பக்கம் நிரம்பி வழிந்தது. எதையாவது வெட்ட வேண்டும்.

“நடுவுல இது என்ன பெரிய பத்தி?” என்றாள் ஹெஸ்டர். “கிளை விருந்துல மரப்பூஞ்சையைப் பத்தி அப்பா பேசின பேச்சு?”

“பிரமாதமான பேச்சு அது,” என்றான் நெவில். “ஜனங்க மேசையைத் தட்டினாங்க.”

“நான் அங்க இருந்தேன்,” என்றாள் டோரீன். “யாரும் தட்டல.”

“எடுத்துரலாமா?” என்றாள் ஹெஸ்டர், டோரீனைப் பார்த்து.

“எடுத்துரு.”

நெவில் என்னைப் பார்த்தான். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஹெஸ்டர் பேனாவை வாங்கி அந்தப் பத்தியின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள், டோரீன் தாள் நகராமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.